துருப்பிடித்த துப்பாக்கியைத் துலக்கலாமா?

புறநானூற்றின் 95-ஆம் பாடலில் ஔவையார் இரண்டு படைக்கலக் கொட்டில்களை அருகருகே வைத்துக் காட்டுகிறார். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் போன இடத்தில் பாடியது என்று பாடலடியில் உள்ள பழங்குறிப்பு சொல்லுகிறது. தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, காம்பு திருத்தி, நெய் பூசப்பட்டு, காவல் மிகுந்த அரண்மனையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவர் மேல் பாய்ந்து நுனி சிதைந்து, கொல்லனின் சின்னஞ்சிறு பட்டறையில் கிடக்கின்றன. இந்தப் பாட்டிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. இரும்பின் மேல் கொழுப்பைப் பூசினால் துரு அணுகாது என்பது சங்க காலத்திலேயே தெரிந்த சங்கதி. அதைவிட முக்கியமான இன்னொன்று, ஓர் ஆயுதத்தின் வரலாறு அதன் பளபளப்பில் இல்லை, அதன் சிதைவில் இருக்கிறது என்று ஔவையார் கண்டிருப்பது. தகடூர்தான் இன்றைய தருமபுரி. பழைய இராணுவத் துப்பாக்கி ஒன்று துரு மூடிய நிலையில் கைக்கு வந்தால் அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த மண்ணிலிருந்தே விடை தேடத் தொடங்கலாம்.

துரு மூடிய துப்பாக்கியைக் கண்டதும் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றுவது, இதைத் தேய்த்துச் சுத்தம் செய்து பழையபடி ஆக்க வேண்டும் என்பதுதான். மண்ணெண்ணெயில் ஊறப் போடுவார்கள். உப்புத்தாள், கம்பித் தூரிகை, அரம் என்று ஒவ்வொன்றாக எடுப்பார்கள். அகலாத திருகாணியை நெருப்பில் காட்டுவார்கள். ஒரு வாரத்தில் வெள்ளை இரும்பு தெரியும், கட்டைக்கு வார்னிஷ் ஏறும், பார்ப்பவர் கண்ணுக்கு அது புதுத் துப்பாக்கி போலிருக்கும். அந்த ஒரு வாரத்தில் இருநூறு ஆண்டுச் சான்று அழிந்துபோகிறது என்பதே என் வாதம். துரு மேலும் பரவாமல் நிறுத்த வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் துருவைக் களைந்து பளபளப்பாக்குவதும், சுடும் நிலைக்குக் கொண்டுவருவதும் மீட்பு ஆகாது. இதைப் பொதுவாகச் சொல்வதைவிடத் தருமபுரியை வைத்துச் சொல்வது பொருத்தம். இரும்பு செய்த மண், இரும்பால் போரிட்ட மண், பிறகு இரும்பைப் பறிகொடுத்த மண் என்று மூன்று நிலைகளையும் கண்ட ஊர் இது.

2004 பிப்ரவரி வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்து, இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்ற காலக்கணிப்பை 2022 மே மாதம் தமிழக அரசு சட்டப்பேரவையில் அறிவித்தது. சேலம் கஞ்சமலையின் காந்தக்கல் தாதுவை மண் உலையில் கரியோடு இட்டு, தோல் துருத்தியால் ஊதி இரும்பாக்கும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இந்தப் பக்கமெங்கும் நடந்தது. 1800-இல் மைசூர் முதல் மலபார் வரை பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் தன் வழியில் கண்ட இத்தகைய உலைகளை விரிவாக எழுதி வைத்தார். இந்தத் தாதுவை நம்பித்தான் ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-களில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை நடத்தினார். இரும்பு விளைந்த இதே நிலத்துக்கு மைசூர் ஆட்சியில் பாராமகால் என்று பெயர். மைசூர் மேட்டு நிலத்துக்கும் கர்நாடகச் சமவெளிக்கும் நடுவே கணவாய்களைக் காத்து நின்ற கோட்டைகளின் வரிசை அது. முதல் மைசூர்ப் போரில் 1768-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை தருமபுரியைப் பிடித்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் ஹைதர் அலி மீட்டார். மூன்றாம் போரில், 1791 அக்டோபர் இறுதியில், கர்னல் மேக்ஸ்வெல் பென்னாகரம் கோட்டையைத் தாக்கிப் பிடித்தார். அடுத்த மாதமே கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் உச்சியை ஏற முடியாமல் திரும்பினார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை பாராமகாலைக் கம்பெனிக்குக் கொடுத்தது. அலெக்சாண்டர் ரீட் கலெக்டரானார். அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ 1799 வரை தருமபுரியில் தங்கி வேலை பார்த்தார். உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது என்பதைப் பாடநூல்கள் சொல்கின்றன. அந்த முறைக்கு இடம் தேடித் தந்தது துப்பாக்கி என்பதைச் சொல்வது குறைவு.

அந்தப் போர்களில் எதிரெதிரே நின்ற துப்பாக்கிகள் இரண்டு வகை. கம்பெனிச் சிப்பாய் தூக்கியது லண்டனில் செய்து கப்பலில் வந்த சக்கிமுக்கித் துப்பாக்கி. அதன் குழல் 39 அங்குலம், வாய் முக்கால் அங்குலம், உள்ளே வரியில்லாத வழவழப்பு. அதன் விசைத்தகட்டில் கம்பெனியின் இதய வடிவ முத்திரையும், செய்த ஆண்டும், செய்தவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பிற்பாடு பிரான்சோடு போர் மூண்டு ஆயுதத் தட்டுப்பாடு வந்தபோது, பிரிட்டிஷ் அரசே கம்பெனியின் இந்த அமைப்பைத் தன் படைக்கு எடுத்துக்கொண்டது. எதிர்ப்பக்கம் ஹைதர், திப்புவின் படைகள். பிரெஞ்சு அமைப்பைப் பார்த்து, ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூரு, சித்ரதுர்கம், நகர் ஆகிய ஊர்களின் கார்கானா எனும் அரசுப் பட்டறைகளில் உள்நாட்டுக் கைவினைஞர் செய்த துப்பாக்கிகள் அவை. திப்புவின் துப்பாக்கிகளில் புலிவரி அலங்காரமும், அவர் தாமே ஏற்படுத்திய மௌலூதி ஆண்டுக் கணக்கில் தேதியும், செய்த ஊரின் அடையாளமும் இருக்கும். இந்தக் குறிகள் எல்லாம் எவ்வளவு ஆழம்? உளியால் லேசாகத் தட்டிய ஆழம். ஒரு தாளின் தடிமன் அளவுக்கு மேற்பரப்பு போனால் ஆண்டு போய்விடும், ஊர் போய்விடும். பிறகு அது எந்தப் படையினுடையது என்று உறுதியாகச் சொல்வது கடினம்.

ஆனால் துருவுக்கு அடியில்தானே முத்திரை இருக்கிறது, துருவை எடுத்தால்தானே தெரியும் என்று கேட்பார்கள். நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வியில்தான் பெரிய தவறு ஒளிந்திருக்கிறது. கடுமையாகத் துருவேறிய இரும்பில், அது புதிதாக இருந்தபோது இருந்த மேற்பரப்பு, இன்று மிஞ்சியுள்ள உலோகத்தின் மேற்பரப்பு அல்ல. அது துருவின் நடுவே இருக்கிறது. வெளியே மண்ணும் மணலும் கலந்த செம்பழுப்புப் படிவு, அதற்குள் கறுத்து இறுகிய ஆக்சைடு, அதற்கும் உள்ளே எஞ்சிய உலோகம். பழைய மேற்பரப்பின் எல்லை பெரும்பாலும் அந்தக் கறுப்பு அடுக்கில் பதிந்திருக்கும். தேய்த்து வெள்ளை இரும்பைக் காண்பவர், முத்திரை இருந்த இடத்தைக் கடந்து கீழே போய்விட்டார் என்று பொருள். பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் முதலில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பதும், பிறகு நுண்ணோக்கியின் கீழ் சிறு கத்தியால் வெளிப்படிவை மட்டும் நீக்கிக் கறுப்பு அடுக்கில் நின்றுவிடுவதும் இதனால்தான்.

துரு மறைப்பதோடு நில்லாமல், சில இடங்களில் எழுதவும் செய்கிறது. அந்தக் காலத்துக் குழல் உருக்குக் கம்பியைத் துளைத்துச் செய்ததல்ல. தகட்டையோ பட்டையையோ ஓர் உருளையின் மேல் சுற்றிச் சூட்டில் அடித்து ஒட்டவைத்தது. உலையில் காய்ச்சி அடித்த தேனிரும்பில் கசடு இழை இழையாக ஓடியிருக்கும். நீண்ட காலம் ஈரத்தில் கிடக்கும்போது, அந்த இழைகளின் வழியே துரு முன்னேறி, இரும்பை மரத்தின் நார் போலப் பிரித்துக் காட்டும். கொல்லர் பட்டையை எந்தத் திசையில் சுற்றினார், எங்கே ஒட்டினார், ஒட்டு எங்கே சரியாகப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் அந்த நார்களில் தெரியும். புதிதாக இருந்தபோது மெருகுக்குள் மறைந்திருந்த கைவேலையைக் காலம் அரித்து வெளியே கொண்டுவந்திருக்கிறது. பெயர் எழுதி வைக்காத ஒரு கொல்லரின் கை இது. அரம் போட்டு வழவழப்பாக்குகிறவர் அந்தக் கையைத்தான் அழிக்கிறார். உலையில் காய்ச்சித் திருகாணியைக் கழற்றுகிறவர் இன்னும் ஒருபடி மேலே போய், இரும்பின் உள் அமைப்பையே மாற்றிவிடுகிறார். அந்த இரும்பு சேலம் பக்கத்து மண் உலையில் பிறந்ததா, இங்கிலாந்தின் ஆலையில் பிறந்ததா என்று ஆய்வுக்கூடத்தில் கேட்கும் வாய்ப்பும் அதோடு குறைந்துபோகிறது.

இவ்வளவு கவலை எதற்கு, அருங்காட்சியகங்களில்தான் ஏராளமான ஆயுதங்கள் இருக்கின்றனவே என்று சொல்லலாம். இருப்பவை பெரும்பாலும் அரசர் கையில் இருந்தவை, அல்லது அழகுக்காகத் தேர்ந்தெடுத்தவை. தஞ்சாவூர் அரண்மனைப் படைக்கலக் கொட்டிலின் கதை இதற்குச் சான்று. மராட்டிய அரசு முடிந்தபின், 1860-களில் அங்கிருந்த வாள்களும் ஈட்டிகளும் குத்துவாள்களும் குவியலாக வெளியே வந்தன. சிறந்தவை என்று பட்டவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. துருவேறிய பெருங்குவியல் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்குப் போனது. வால்ஹவுஸ் என்ற அதிகாரி இதை 1878-இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் பதிவு செய்தார். ஊர்ப்புறத்து ஆயுதங்களின் கதி வேறு. பாளையக்காரர் போர் முடிந்த 1801 டிசம்பரில் தெற்கே ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கும் அறிவிப்பு வந்தது. 1878-இல் ஆயுதச் சட்டம் நாடு முழுதும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஒப்படைத்தவை உடைக்கப்பட்டன, ஒளித்தவை மண்ணுக்கும் பரணுக்கும் போயின. ஆகவே சாதாரணச் சிப்பாயின் துப்பாக்கி எங்காவது மிஞ்சியிருந்தால், அது துரு மூடிய நிலையில்தான் மிஞ்சியிருக்கும். பல்லவர் காலத்து நடுகற்கள் தருமபுரியில் கிடைத்திருக்கின்றன. ஆநிரைச் சண்டையில் விழுந்தவனின் பெயர், அவன் தலைவனின் பெயர், நாட்டை ஆண்ட அரசனின் ஆண்டு ஆகியவற்றை வட்டெழுத்தில் அவை சொல்கின்றன. ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் செய்த துப்பாக்கியைத் தூக்கியவனுக்கு அப்படி ஒரு கல் கிடைப்பது அரிது. அவன் ஆயுதத்தின் மேலுள்ள முத்திரையும் கீறலும் தேய்மானமும்தான் அவனைப் பற்றிய எழுத்து.

இனி, நம் மரபே துலக்கும் மரபுதானே என்ற ஆட்சேபம். தொண்டைமான் நெய் பூசினான், நாம் ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் தேய்த்துக் கழுவிச் சந்தனம் வைக்கிறோம், பிறகு பழைய துப்பாக்கிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? இது வலுவான ஆட்சேபம். ஆனால் நாளைக்கு எடுத்து வேலை செய்யப்போகும் கருவிக்குச் செய்யும் பராமரிப்பு அது. அதியமானின் கொல்லர் வேலின் நுனியைத் திருத்தியதும் அடுத்த போருக்காக. அந்தத் திருத்தமும் வேலின் வரலாற்றில் ஒரு பகுதி. இருநூறு ஆண்டுக்குமுன் ஒரு சிப்பாய் தன் துப்பாக்கியின் உடைந்த கட்டையைப் பித்தளைத் தகட்டால் ஒட்டியிருந்தால், அதையும் அப்படியே காக்க வேண்டும் என்பேன். போர் முடிந்து, சட்டம் மாறி, ஆள் மறைந்தபின் அந்த ஆயுதத்தின் வேலை மாறிவிடுகிறது. அது இனிச் சுடாது, சாட்சி சொல்லும். இந்த வேறுபாட்டை நம் மக்கள் அறியாதவர்கள் அல்ல. சேலம், தருமபுரிப் பக்கத்து முனியப்பன் கோயில்களில் நேர்ந்து நட்ட இரும்பு வேல்கள் வெயிலிலும் மழையிலும் நின்று துருவேறுகின்றன. எண்ணெயும் குங்குமமும் சாத்துவார்கள், எலுமிச்சை குத்துவார்கள், ஆனால் யாரும் அரம் கொண்டு போய் அவற்றைப் புதிதாக்குவதில்லை. நேர்ந்தவரின் வேல் நேர்ந்தவரின் வேலாகவே நிற்கிறது.

விட்டுவிட்டால் துரு முழுவதையும் தின்றுவிடாதா? தின்றுவிடும். அதனால்தான் விட்டுவிடச் சொல்லவில்லை. துரு பரவக் காற்றும் ஈரமும் வேண்டும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்காகும். மண்ணில் கிடந்த இரும்பில் குளோரைடு உப்பு உள்ளே இறங்கியிருந்தால், வெளியே எடுத்தபின்னும் அது வியர்ப்பது போலத் துளிகளைக் கசிந்து, செதிள் செதிளாக உதிரும். கருமருந்தின் எரிந்த சாம்பலும் ஈரத்தை இழுக்கும். அக்காலச் சிப்பாய் சுட்டு முடித்ததும் குழலை வெந்நீரால் கழுவியது இதற்காகத்தான். பிற்கால இராணுவ ரைஃபிள்களில் தோட்டாவின் பற்றுமருந்து எரிந்து பொட்டாசியம் குளோரைடை விட்டுச்செல்லும். குழலின் உள்வரிகளை முதலில் தின்பது அந்த உப்பு. ஆகவே முதல் வேலை, பொருளை உலர்ந்த இடத்தில் வைப்பது. அடுத்தது, உப்பு இருந்தால் காரக் கரைசலில் ஊறவைத்து வெளியேற்றுவது, பிறகு மெழுகால் மூடி ஈரத்தைத் தடுப்பது. டானிக் அமிலம் பூசினால் துரு கருநீலமான நிலையான சேர்மமாக மாறும் என்பது உலகெங்கும் பாதுகாப்பாளர் கையாளும் முறை. சித்தேரி மலைக் காடுகளில் கிடைக்கும் கடுக்காயின் துவர்ப்பும் இந்த டானின் இனம்தான். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பதை மை காய்ச்சியவர்களும் சாயம் தோய்த்தவர்களும் என்றோ அறிந்திருந்தார்கள். அதற்காகக் கடுக்காய்ப் பொடியை எடுத்துத் துப்பாக்கியில் தேய்த்துவிடக் கூடாது. அளவும் தூய்மையும் அறிந்தவர் கையில்தான் அது மருந்து. அறிந்தவர்களும் நமக்கு அருகிலேயே இருக்கிறார்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியது. எஸ். பரமசிவன் அங்கே செப்புத் திருமேனிகளின் அரிப்பை மின்பகுப்பு முறையில் குணப்படுத்தினார். இந்தியாவில் இத்துறைக்கு முன்னோடி அவர். மின்பகுப்பைச் சிலர் இன்று வீட்டுத் தொட்டியிலேயே செய்து பார்க்கிறார்கள். உலோகக் கரு பெரிதும் மிஞ்சியிருக்கும் பொருளுக்குத்தான் அது பொருந்தும். மிஞ்சியது சிறிதானால், கறுப்பு அடுக்கை உரித்து வீசி, குச்சி போன்ற இரும்பை மட்டும் கையில் கொடுக்கும்.

சுடும் நிலைக்குக் கொண்டுவந்தால்தான் முழு மீட்பு என்பவர்களும் உண்டு. துருத் தின்ற குழலின் சுவர் எங்கே எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று கண்ணால் காண முடியாது. மருந்து வெடிக்கும் அழுத்தத்தில் அது கையிலேயே பிளக்கும். இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. வாய்வழி மருந்திடும் பழைய துப்பாக்கிகள் பல, மருந்தும் குண்டும் இட்ட நிலையிலேயே கைவிடப்பட்டவை. கருமருந்து ஈரமின்றி அடைபட்டிருந்தால் நூறாண்டு கழிந்தும் வீரியம் போகாது. அப்படிப்பட்ட குழலை உலையில் காட்டுவது உயிரோடு விளையாடுவது. சட்டமும் இந்த வாதத்துக்கே துணை நிற்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதான ஓர் ஆயுதம், பழுது பார்த்தாலும் சரி பார்க்காவிட்டாலும் சரி, சுடவே இயலாத நிலையில் இருந்தால் அதற்கு விலக்கு அளிக்கிறது. சுடத்தக்கதாக்கிய கணமே அந்த விலக்கு போய்விடும். துப்பாக்கியைப் பழுது பார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும்.

கடைசியாக, துருக் கட்டையைப் பார்க்க யார் வருவார் என்ற கேள்வி. 2014 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைத்தபடி ஒரு வின்செஸ்டர் ரைஃபிள் கிடைத்தது. 1873 மாதிரியைச் சேர்ந்தது, 1882-இல் செய்யப்பட்டது என்று அதன் எண்ணிலிருந்து தெரிந்தது. குழல் துருவேறி, கட்டை வெளுத்து வெடித்து, அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. எக்ஸ்-கதிர் எடுத்தபோது கட்டைக்குள் ஒரு தோட்டா தெரிந்தது. வயோமிங்கில் உள்ள அருங்காட்சியகத்தில், உதிரும் மரத்தை ஒட்டி நிலைநிறுத்தியதோடு நிறுத்திக்கொண்டார்கள். துருவை அகற்றவில்லை, கட்டையை மாற்றவில்லை. அது மீண்டும் பூங்காவுக்கு வந்து, நின்ற கோலத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டது. அந்த மாதிரித் துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை, மெருகு குலையாதவையே ஏராளம் இருக்கின்றன. மக்கள் தேடி வந்து பார்ப்பது துருப்பிடித்த இதைத்தான். யாரோ ஒருவர் மரத்தில் சாய்த்துவிட்டுப் போய்த் திரும்பி வரவில்லை என்பது அதன் மேல் எழுதியிருக்கிறது. துலக்கியிருந்தால் அந்த ஆள் காணாமல் போயிருப்பார். புதிதாக இருந்தபோது எப்படி இருந்தது என்று காட்ட வேண்டுமானால், ஒரு மாதிரி செய்து பக்கத்தில் வைக்கலாம்.

தருமபுரியில் கோட்டை மேட்டிலோ, கிணறு தூர்வாரும்போதோ, பழைய வீட்டின் பரணிலோ இப்படி ஒன்று அகப்பட்டால், முதலில் அதை அசைக்காமல் படம் எடுத்து, கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். குழலின் வாய் யாரையும் நோக்காமல் இருக்கட்டும், நெருப்பின் அருகே கொண்டுபோகாதீர்கள். மண்ணில் கிடைத்த பழம்பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. தாசில்தாரிடமும் காவல் நிலையத்திலும் தகவல் கொடுத்து, தருமபுரி அரசு அருங்காட்சியகத்தை அழைக்கச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை உலர்ந்த துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். எண்ணெய் வேண்டாம், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.